ஆளில்லா வீடுகளின் பட்டியல்: அக்கோமாக் தொடர் தீவைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 நவம்பர் 12 இரவு தொடங்கியது. 2013 ஏப்ரல் 1 இரவு ஓய்ந்தது. இடைப்பட்ட ஐந்து மாதங்களுக்குள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அக்கோமாக் என்ற சிறிய கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் யாரோ தீ வைத்தார்கள். எரிந்தவற்றில் பெரும்பாலானவை ஆளில்லாமல் கிடந்த மரவீடுகள். நடுநடுவே கொட்டகைகள், கராஜுகள், மூடிக் கிடந்த ஒரு பழைய விடுதி. உயிரிழப்பு இல்லை. பிடிபட்டவர்கள் இருவர், ஓர் ஆணும் அவரோடு வாழ்ந்த பெண்ணும். அந்த ஆண் முன்பு அதே பகுதியில் தன்னார்வத் தீயணைப்பு வீரராக இருந்தவர். 67 தீவைப்புக் குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு 15 ஆண்டுச் சிறை, பெண்ணுக்குப் பதினேழரை ஆண்டு.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இருவரின் மனநிலையைத்தான் தோண்டுவார்கள். ஒரு சிற்றூர் நிர்வாகத்துக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ அதனால் பெரிய பயன் இல்லை. காப்பீட்டுப் பணத்துக்காக வைத்த தீ அல்ல; பகை தீர்க்க வைத்ததும் அல்ல. அப்படிப்பட்டவரை முன்கூட்டியே அடையாளம் காண வழியே இல்லை. வழி இருப்பது வேறிடத்தில்: எரிய என்ன கிடக்கிறது, எங்கே கிடக்கிறது, யார் பொறுப்பில் கிடக்கிறது என்று அறிவதில்.

ஏன் இத்தனை வீடுகள் கிடந்தன

செசபீக் விரிகுடாவுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே தெற்கு நோக்கி நீளும் டெல்மார்வா தீபகற்பத்தின் கடைசித் துண்டு வர்ஜீனியாவுக்குச் சொந்தம். அதில் இரண்டே கவுண்டிகள்: வடக்கே அக்கோமாக், தெற்கே நார்த்தாம்ப்டன். 1884இல் ரயில்பாதை வந்ததும் இங்கே விளைந்த உருளைக்கிழங்கு வடக்கத்திய நகரங்களுக்கு நேராகப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் வசதியான வேளாண் பகுதிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பணத்தில் எழும்பியவைதான் மாடிவைத்த பெரிய மரவீடுகள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தோடு உருளைக்கிழங்குக் காலம் முடிந்தது. 1910இல் 36,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010இல் 33,000 சொச்சம். குறைவு சிறிதாகத் தெரியலாம். அதே நூறாண்டில் நாட்டின் மக்கள்தொகை மும்மடங்குக்கு மேல் பெருகியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வெளியூர் போனார்கள். இருந்தவர்கள் நெடுஞ்சாலைப் பக்கம் புது வீடுகளுக்கு மாறினார்கள். வயல் நடுவே பழைய வீடுகள் நூற்றுக்கணக்கில் அப்படியே நின்றன.

அந்தக் காலத்து அமெரிக்க மரவீடுகளில் பல ஒரு குறிப்பிட்ட முறையில் கட்டப்பட்டவை. அடிக்கட்டையிலிருந்து கூரை வரை சுவர்த் தூண்கள் ஒரே நீளமாக ஓடும். தூண்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைத் தளம்தோறும் அடைக்கும் குறுக்குக்கட்டை இருக்காது. கீழே பிடித்த தீ அந்த வெற்றிடத்தைப் புகைபோக்கியாக்கிக்கொண்டு நேரே பரணுக்கு ஏறிவிடும். வண்டி வந்து சேரும்போது வாசலில் சிறு சுவாலை தெரியும், ஆனால் கூரைக்குள் ஏற்கெனவே பற்றியிருக்கும். இப்படிப்பட்ட ஆளில்லா வீட்டுக்குள் வீரர்களை அனுப்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தீயணைப்பு பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியிருந்தது. பகலில் கோழி ஆலையிலோ பள்ளியிலோ கடையிலோ வேலை. இரவில் பேஜர் அலறினால் ஓட்டம். இத்தகைய நாட்டுப்புறங்களில் ஊரைத் தாண்டினால் சாலையோரத் தீயணைப்புக் குழாய் கிடையாது. டேங்கரில் தண்ணீர் கொண்டுபோய், மடக்குத் தொட்டியில் கொட்டி, அங்கிருந்து உறிஞ்சி அடிக்க வேண்டும். ஒரு பாழ்வீட்டுக்கு மூன்று நான்கு ஊர்களின் வண்டிகள் போய்விட்டால் அந்த ஊர்களில் அந்நேரம் காவலே இல்லை. "வெறும் காலி வீடுதானே, எரிந்து போகட்டும்" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

எது முடித்தது, எது முடிக்கவில்லை

பரிசுத்தொகை அறிவித்தார்கள். ஊர் இளைஞர்கள் சிலர் தாங்களே குழு சேர்த்து இரவில் வயலோரம் பதுங்கியிருந்தார்கள். மறைவிடங்களில் அசைவறி கேமராக்கள் வைக்கப்பட்டன. இருவரையும் பிடித்துத் தந்தது இவை எதுவும் அல்ல. மாநிலக் காவல்துறை, அடுத்து எரியக்கூடும் என்று தோன்றிய ஆளில்லா வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் அருகே மறைவாகக் கூடாரம் அடித்துக் காத்திருந்தது. ஏப்ரல் 1 நள்ளிரவை ஒட்டி, மெல்ஃபா என்ற சிற்றூரில் அப்படிக் காத்திருந்த காவலர்களின் கண்முன்னே ஒருவர் வந்து தீ வைத்தார். அவரை ஏற்றிக்கொண்டு போன வேனைச் சற்று நேரத்தில் மடக்கினார்கள்.

கூடாரத்தை எங்கே அடிப்பது என்று முடிவெடுக்க, எந்தெந்த வீடு காலி, எது சாலைக்கு அருகே, எதற்கு வந்துபோக வசதி என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டியல்தான் அந்த வேட்டையின் அடித்தளம். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஆள் போட எந்தக் காவல்துறையாலும் முடியாது. பட்டியல் நீளமாக இருக்கும்வரை காவல் என்பது குருட்டுச் சீட்டுதான். ஆகவே இரண்டு வேலைகள்: பட்டியலை எழுதுவது, பிறகு அதைச் சுருக்குவது.

இளைஞர் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப்பற்றில் குறை சொல்ல முடியாது. ஆனால் இருட்டில், பாழ்வீட்டு ஓரம், யாருக்கும் தெரியாமல் பதுங்கியிருக்கும் ஆளையும் தீவைக்க வந்த ஆளையும் காவலர் எப்படிப் பிரித்தறிவார்? அவர்களிடம் துப்பாக்கியும் இருந்தால் நிலைமை இன்னும் கெடும். ஒளிந்து காத்திருப்பது காவல்துறையின் வேலை. ஊரார் வேலை கண்ணில் படும்படி நடமாடுவது.

பட்டியல் எழுதும் முறை

ஒரு கார், இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, மற்றவர் எழுத வேண்டும். வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பிறர் நிலத்தில் கால் வைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். போவதற்கு முன்பே மூன்று இடங்களில் தகவல் திரட்டலாம்: வரி பாக்கிப் பட்டியல், மின்/தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்பட்ட முகவரிகள், தபால்காரர். தபால்காரருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை: முகவரி, வரிப்பதிவில் உள்ள நில எண், உரிமையாளர் பெயர், தொடர்புக்கு உள்ளவர், கடைசியாக ஆள் இருந்த ஆண்டு, மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்டனவா, திறந்து கிடக்கும் கதவு சன்னல்களின் எண்ணிக்கை, வெளியே தெரியும் எரிபொருள், அடுத்த குடியிருப்பு வீட்டுக்கு உள்ள தூரம், டேங்கர் நுழைய வழி உண்டா, அருகில் குளமோ ஓடையோ உண்டா. நான்கு பக்கமும் படம்.

பிறகு மதிப்பெண். துல்லியம் இங்கே முக்கியமல்ல. எதை முதலில் தொடுவது என்று வரிசைப்படுத்தத்தான் இது. திறந்து கிடந்தால் 3. உள்ளே அல்லது ஓரத்தில் மெத்தை, டயர், அட்டைப்பெட்டி கிடந்தால் 3. 50 அடிக்குள் ஆள் குடியிருந்தால் 3. முன்பே சிறு தீயோ உடைப்போ நடந்திருந்தால் 3. சாலையில் போகிறவர் கண்ணில் படாமல் வண்டி நிறுத்த முடியுமானால் 2. வரி பாக்கி இருந்தால் 1. மொத்தம் 15. ஒன்பதுக்கு மேல் வாங்கியவற்றை அந்த வாரமே பார்க்க வேண்டும்.

இதில் கெடுவது எங்கே? முதலாவது, பட்டியல் பழசாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுசுற்று இல்லையென்றால் அது வெறும் காகிதம். இரண்டாவது, உரிமையாளர் ஒருவராக இருக்கமாட்டார். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும். வாரிசுகள் ஏழு பேர் நான்கு மாநிலங்களில் இருப்பார்கள். எழுவருக்கும் கடிதம் போட்டுக் காத்திருப்பதைவிட, சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவது விரைவில் பலன் தரும். மூன்றாவது, பெரிது: இந்தப் பட்டியல் தவறான கையில் கிடைத்தால் தீவைப்பவனுக்கு அதுவே வழிகாட்டி. அக்கோமாக்கில் பிடிபட்டவர் தீயணைப்புப் படையில் இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது. முழுப் பட்டியல் மூன்று நான்கு பேரிடம் மட்டும் இருக்கட்டும். ரோந்து போகிறவர்களுக்கு அன்றைய பாதை மட்டும் போதும். புதிதாகச் சேரும் தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்ப்பதும் இதோடு சேர்ந்ததே.

முதலில் குப்பை, பிறகு பலகை

பல ஊர்களில் நடக்கும் தவறு, உள்ளே இருப்பதை விட்டுவிட்டுச் சன்னல்களை அடைப்பது. மெத்தை, சோபா, பழைய துணி, தாள்கட்டு, பெயின்ட் டப்பா எல்லாம் உள்ளேயே இருக்க, வெளியே பலகை அடித்தால் எவனாவது ஒரு பலகையைப் பெயர்த்ததும் உள்ளே அடுப்பு தயார். வரிசை இப்படி இருக்க வேண்டும்: பஞ்சும் நுரையும் உள்ள சாமான்கள், டயர்கள், பிறகு தாளும் அட்டையும், பிறகு எரியும் திரவங்கள், கடைசியில் உடைந்த மரச்சாமான்கள். பஞ்சும் நுரையும் முதலில் வரக் காரணம், அவை வேகமாகப் பற்றி அறை முழுவதையும் எரியவைக்கும்.

வெளியே, சுவரை ஒட்டி 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. 30 அடி வரை புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சருகு கூட்டியிருக்க வேண்டும். ஆள் உள்ள கட்டடங்களுக்கும் ஒரு விதி உண்டு: குப்பைத் தொட்டி சுவரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, மூடி பூட்டி, நகராதபடி சங்கிலியிட்டு இருக்க வேண்டும். கூரை விளிம்புக்குக் கீழே தொட்டி வைப்பதுதான் பள்ளிகளும் கடைகளும் தொடர்ந்து செய்யும் பிழை. தொட்டியில் வைத்த தீ விளிம்புப் பலகை வழியாகப் பரணுக்குள் போய்விடும்.

இனி அடைப்பு. வெளியிலிருந்து ஆணி அடித்த பலகை காவல் அல்ல. ஒரு கடப்பாரை போதும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் பரப்பிவரும் முறையில் ஆணியே கிடையாது. பலகையை உள்ளிருந்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். வெளியே இருப்பது வழுவழுப்பான உருண்டைத் தலை. அதைப் பிடித்துத் திருக முடியாது. நட்டு உள்பக்கம்.

வேண்டியவை: அரை அங்குலத் தடிப்பில் வெளிப்புறத் தர பிளைவுட், இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டை, 3/8 அங்குலத் தடிப்பும் 12 அங்குல நீளமும் உள்ள உருண்டைத் தலை போல்ட், அகல வாஷர், நட்டு. பிளைவுட்டைத் திறப்பின் அளவுக்குச் சரியாக, சட்டத்துக்குள் அமரும்படி வெட்ட வேண்டும். வெளியே சட்டத்தின் மேல் படர்ந்து நின்றால் நெம்ப விளிம்பு கிடைத்துவிடும். வெளிக்கட்டை இரண்டு, திறப்பின் அகலத்துக்கு. உட்கட்டை இரண்டு, திறப்பைவிட 2 அடி நீளமாக, அதாவது பக்கத்துக்கு ஓரடி சுவரில் அணையும்படி. ஒவ்வொரு கட்டை ஜோடிக்கும் இரண்டு போல்ட்.

30 அங்குல அகலம், 48 அங்குல உயரம் உள்ள ஒரு சன்னலை எடுத்துக்கொள்வோம். 4க்கு 8 அடி பிளைவுட் ஒன்றில் இப்படி மூன்று பலகை வெட்டலாம். வெளிக்கட்டை 30 அங்குலம், உட்கட்டை 54 அங்குலம். இரண்டும் சேர்ந்தால் 84, ஆகவே 8 அடிக் கட்டை ஒன்றில் ஒரு ஜோடி கிடைக்கும். சன்னலுக்கு இரண்டு கட்டை, நான்கு போல்ட். பத்து சன்னல் உள்ள வீட்டுக்கு பிளைவுட் 4, எட்டடிக் கட்டை 20, போல்ட் 40, நட்டும் வாஷரும் நாற்பது நாற்பது. மரச்சுவருக்கு 12 அங்குல போல்ட் சரியாக இருக்கும்; செங்கல் சுவரென்றால் முதலில் சுவரின் தடிப்பை அளந்துவிட்டு வாங்க வேண்டும். அளக்காமல் நாற்பது போல்ட் வாங்கி, எல்லாம் ஓரங்குலம் குட்டையாகிப் போவது இந்த வேலையில் சகஜம்.

மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சன்னலை உடைக்க வேண்டியதில்லை. இரண்டு சட்டங்களையும் நடுவுக்கு நகர்த்தினால் மேலும் கீழும் இடைவெளி விடும். போல்ட் அதன் வழியே போகும். கண்ணாடி மிஞ்சினால் வீட்டை மறுபடி வாழக்கூடியதாக்கும் செலவும் குறையும். மாடிச் சன்னல்களையும் விடக் கூடாது, பக்கத்தில் மரமோ தாழ்வாரக் கூரையோ இருந்தால் ஏறிவிடுவார்கள். கடைசியாக வெளியேறும் கதவு ஒன்றுக்கு மட்டும் நாதாங்கியும் பூட்டும். அந்தச் சாவியில் ஒன்று தீயணைப்பு நிலையத்தில் இருக்க வேண்டும்.

நன்றாக அடைத்த வீடு தீயணைப்பவருக்கும் அடைத்த வீடுதான். உள்ளே யாராவது படுத்திருந்தால் வெளியேற வழி இருக்காது. ஆகவே அடைப்பதற்கு முன் அறை அறையாக, பரண் வரை பார்த்தாக வேண்டும். மின்சாரத்தைக் கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்ல வேண்டும், உள்ளே சுவிட்சை அணைத்தால் போதாது. அமெரிக்காவில் பரவலாக ஏற்கப்பட்ட தீ விதித்தொகுப்பு ஒன்று, ஆபத்தான காலிக் கட்டடங்களின் முகப்பில் 24க்கு 24 அங்குலச் சிவப்புப் பலகை கேட்கிறது. ஒளி திருப்பும் வெள்ளைக் கரை, 2 அங்குலப் பட்டை. வெறும் சதுரம் என்றால் கட்டுமானம் வழக்கமான நிலையில் இருக்கிறது. ஒரு குறுக்குக்கோடு என்றால் உள்ளே ஆபத்து உண்டு, எச்சரிக்கையோடு போக வேண்டும். பெருக்கல் குறி என்றால் உயிர் காக்கும் தேவை தவிர உள்ளே நுழையவே வேண்டாம். நள்ளிரவில் வேறு ஊரிலிருந்து உதவிக்கு வரும் குழுவுக்கு இந்தக் குறி ஒன்றுதான் வீட்டைப் பற்றிச் சொல்லும்.

சின்ன நாசம்

உடைந்த கண்ணாடியும் சுவர்க் கிறுக்கலும் தீவைப்பில் முடிந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கவனிப்பார் இல்லை என்ற செய்தியை அவை பரப்பும். 2008இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், க்ரோனிங்கன் நகரில் சைக்கிள் நிறுத்தச் சந்தின் சுவர் சுத்தமாக இருந்தபோது, கைப்பிடியில் மாட்டிய துண்டுத்தாளைக் கீழே எறிந்தவர்கள் 33 சதவீதம். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். கிறுக்கியவர்கள் வேறு, தாளை எறிந்தவர்கள் வேறு, சாதாரண வழிப்போக்கர்கள்.

அதனால் 24 மணி, மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் அழிப்பது. முதலில் படம்: நேர் எதிரே நின்று, அளவுகோல் தெரியும்படி ஒன்று, சுற்றுப்புறத்தோடு ஒன்று. காவல்துறைக்கு அனுப்பிய பிறகே துடைக்க வேண்டும்; ஒரே கையெழுத்து பல இடங்களில் வந்தால் அந்தப் படங்கள் உதவும். பூசிய சுவரில் அதே நிறப் பெயின்ட்டைச் சுவரின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுதாக அடிக்க வேண்டும். கிறுக்கல் மேல் மட்டும் சாம்பல் நிறச் சதுரம் அடித்தால், அது அடுத்தவனுக்குப் புதுப் பலகை. பூசாத செங்கலில் கரைப்பானைக் கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும். மேலிருந்து வழிந்தால் காய்ந்த செங்கல் அதை உறிஞ்சிக் கோடுகோடாகக் கறை பிடிக்கும். அழுத்த நீரைக் கூட்டினால் செங்கலுக்கு இடைப்பட்ட காரை பெயர்ந்துவிடும். எதையும் மறைவான ஓர் அடிச் சதுரத்தில் சோதித்த பிறகே தொடங்க வேண்டும். அடிக்கடி அடிபடும் சுவருக்கு மெழுகுப் பூச்சு மலிவு. சுடுநீரில் கிறுக்கலோடு அதுவும் போய்விடும், மறுபடி பூச வேண்டும். இரண்டாம் முறை பூச மறப்பவர்கள்தான் அதிகம்.

விளக்கு, கேமரா, நடமாட்டம்

விளக்கு போட்டால் குற்றம் குறையும் என்பது பாதி உண்மை. பார்க்க ஆள் இருக்கும் இடத்தில்தான் விளக்குக்கு வேலை. வயல் நடுவே ஆளில்லா வீட்டில் விடிய விடிய எரியும் விளக்கு, வந்தவனுக்கே வெளிச்சம் காட்டும். அமெரிக்காவில் சில பள்ளி மாவட்டங்கள் இரவில் வளாக விளக்குகளை முழுக்க அணைத்துப் பார்த்திருக்கின்றன. இருட்டில் டார்ச் மினுக்கினால் அக்கம்பக்கத்தார் உடனே அழைப்பார்கள் என்பது கணக்கு. அருகில் வீடு இருந்தால் அசைவறி விளக்கு, 8 முதல் 10 அடி உயரத்தில், கீழ்நோக்கி. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு தன் பின்னால் கரிய நிழலையும் உண்டாக்கும்.

கேமராவை வீட்டை நோக்கி வைப்பது வழக்கமான பிழை. கிடைப்பது முதுகும் முக்காடும். வரும் பாதையை நோக்கி, 7 அல்லது 8 அடி உயரத்தில், சற்றுக் கீழே சாய்த்து வைக்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி 940 நானோமீட்டர் வகையாக இருந்தால் சிவப்புப் புள்ளி தெரியாது. வண்டி எண்ணை இரவில் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். எண் பலகை அகச்சிவப்பைத் திருப்பி அடித்து வெள்ளையாகிவிடும். குளிர்காலத்தில் லித்தியம் பேட்டரி. தேதி, நேரம் சரியாக அமைக்கப்படாத கேமராவின் படத்தை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எளிதில் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார்.

ரோந்து எப்போதும் இருவராக, வண்டியில், அடையாள மேலங்கியோடு. பார்ப்பதும் எழுதுவதும் அழைப்பதும் மட்டுமே வேலை: நேரம், இடம், வண்டியின் நிறமும் எண்ணும், போன திசை. துரத்தக் கூடாது. ஆயுதம் கூடாது. யார் எப்போது எந்தப் பாதையில் போகிறார்கள் என்பது காவல் கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் சுற்றுவதும் வீண். இரண்டு நாள் கவனித்தாலே இடைவெளி தெரிந்துவிடும்.

எரிந்த பிறகு செய்யும் தடுப்பு

தொடர் தீவைப்பில் நேற்றைய தீயின் தடயம்தான் நாளைய தடுப்பு. அமெரிக்காவில் தீவைப்பு வழக்குகளில் ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான் துலங்குகிறது. தடயத்தில் பெரும்பகுதி தீயை அணைக்கும்போதே அழிகிறது. முதலில் வரும் குழு நினைவில் வைக்க வேண்டியவை: எந்தக் கதவு திறந்திருந்தது, தீ எத்தனை இடத்தில் தனித்தனியாக எரிந்தது, எதிரே எந்த வண்டி போனது. அணைந்ததும் சுவரைப் பிடுங்கி, சாம்பலை வாரி வெளியே கொட்டும் பழக்கத்தைப் புலனாய்வாளர் வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். பெட்ரோலில் ஓடும் அறுவை வாளையோ ஜெனரேட்டரையோ எரிந்த அறைக்கு அருகில் வைத்து எரிபொருள் நிரப்பக் கூடாது. மறுநாள் மோப்ப நாயும் ஆய்வகமும் காட்டும் பெட்ரோல் யாருடையது என்ற கேள்வி வரும். மாதிரியைப் புதிய உலோக டப்பாவில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒவ்வொன்றுக்கும் கையுறை மாற்றி எடுக்க வேண்டும். அதே தரை விரிப்பின் எரியாத துண்டு ஒன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

கூட்டத்தைப் படம் எடுப்பது பழைய வழக்கம், இன்றும் பயனுள்ளது. தீ வைத்தவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கலாம். அணைக்கும் வரிசையிலேயே நிற்கலாம்.

பாஸ்டன், டெட்ராய்ட்

எல்லா ஊரிலும் காரணம் ஒன்றல்ல. 1970களில் பாஸ்டனின் சிம்ஃபனி சாலையில் குடியிருப்புகள் தொடர்ந்து எரிந்தபோது, அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து ஆவணங்களைப் புரட்டினார்கள். எரிந்த கட்டடங்களில் ஒரே மாதிரியான தடம் தெரிந்தது: குறுகிய காலத்தில் அடிக்கடி கைமாறிய உரிமை, ஏறிய காப்பீடு, கட்டாத வரி, சரிசெய்யாத விதிமீறல்கள். 1977இல் 33 பேர்மேல் குற்றச்சாட்டு பதிவானது. காப்பீட்டுக்காக வைக்கும் தீயை ரோந்தால் தடுக்க முடியாது, ஆவணத்தால் முடியும். அதனால்தான் பட்டியலில் கடைசி உரிமை மாற்றத்தின் தேதிக்கும் ஒரு கட்டம் வைப்பது நல்லது.

டெட்ராய்ட்டில் அக்டோபர் 30 இரவு வாலிபக் குறும்பாகத் தொடங்கி, 1984இல் அதையொட்டிய மூன்று நாளில் 800க்கு மேற்பட்ட தீயாக முற்றியது. 1995 முதல் நகராட்சி பல்லாயிரம் தன்னார்வலர்களைத் தெருவில் இறக்கியது, எண்ணிக்கை சரிந்தது. ஆனால் அங்கே தேதி தெரியும், மூன்றே இரவு. அக்கோமாக்கில் அதே முறையை ஐந்து மாதம் நடத்தியிருந்தால் ஊரே தளர்ந்திருக்கும். கூட்டமாகக் காவல் காப்பது குறுகிய காலத்துக்குத்தான் ஒத்துவரும். டெட்ராய்ட்டிலும் அந்த இரவுகளுக்கு முன்பே டயர்களை அள்ளியதும் காலி வீடுகளை இடித்ததும் கேனில் பெட்ரோல் விற்கத் தடை போட்டதும் கூட்டத்தோடு சேர்ந்தே நடந்தன.

சட்டம் எவ்வளவு இடம் தருகிறது

உரிமையாளரைக் கேட்காமல் வீட்டைத் தொட முடியாது என்ற எண்ணம் பல ஊர் மன்றங்களை முடக்கி வைக்கிறது. வர்ஜீனியாவில் மாநிலச் சட்டத் தொகுப்பின் 15.2-906 பிரிவு, பொதுப் பாதுகாப்பைக் கெடுக்கும் கட்டடத்தை அகற்றவோ பழுதுபார்க்கவோ அடைக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட உள்ளாட்சிக்கு அதிகாரம் தருகிறது. அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து செலவை வரி பாக்கி போல வசூலிக்கலாம். அறிவிப்புக் கொடுத்த பிறகு பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் கட்டடம் பெரும் ஆபத்து என்று கருதப்பட்டால், உள்ளே யாரும் நுழையாமல் தடுக்கும் நடவடிக்கையை மட்டும் 7 நாளுக்குள்ளேயே எடுக்கலாம். இந்த ஏழு நாள் விலக்கைப் பயன்படுத்த, கட்டடம் ஆபத்தானது என்பதை அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும்; அதற்கு எழுத்தில் காரணமும் படமும் கையில் இருப்பது நல்லது. மதிப்பெண் போட்ட பட்டியல் இங்கேதான் கோப்பில் சேர்கிறது.

இடிப்பதா அடைப்பதா என்பதைக் கூரை முடிவு செய்யும். கூரை ஒழுகாமல், அடிக்கட்டை இற்றுப்போகாமல் இருந்தால் அடைத்து வைக்கலாம். வாங்க ஆள் வரக்கூடும். கூரை விழுந்த வீட்டுக்குப் பலகை அடிப்பது காசை எரிப்பதுதான். அடைத்த வீட்டையும் மாதம் ஒருமுறையாவது சுற்றிப் பார்க்க வேண்டும்: போல்ட் தலைகளைச் சுற்றிப் புதுக் கீறல் உண்டா, கட்டை வளைந்திருக்கிறதா, புல் எத்தனை அங்குலம், யாராவது சுவரோரம் மறுபடி மெத்தை கொண்டுவந்து போட்டிருக்கிறார்களா. அடைத்த வீடுதான் அக்கம்பக்கத்தாருக்குக் குப்பை கொட்டும் இடமாக மாறும். ஆள் குடிவந்தாலோ நிலம் மட்டமாக்கப்பட்டாலோ ஒழிய அந்த வரியைப் பட்டியலிலிருந்து அடிக்கக் கூடாது.